சிங்கம்புணரியிலிருந்து கிட்டங்கி வரை

திண்டுக்கல்லிலிருந்து நத்தம், கொட்டாம்பட்டி மார்க்கமாகக் காரைக்குடிக்குப் போகும் சாலையில் சிங்கம்புணரி என்னும் ஊர் இருக்கிறது. சாலையோரத்தில் குவிந்து கிடக்கும் தேங்காய் மட்டைகளும், வெயிலில் காயும் நாருமே ஊர் வந்துவிட்டதை அறிவிக்கும். கயிறு திரிப்பது இங்கே பல குடும்பங்களுக்கு ஜீவனம். வைகாசி மாதத்தில் சேவுகப்பெருமாள் ஐயனாருக்குத் தேர் ஓடும்போது பக்தர்கள் எறிந்து உடைக்கும் தேங்காய்களுக்குக் கணக்கே இல்லை. தேர் பார்க்கப் போகிறவர்கள் தங்கள் தலையையும் கொஞ்சம் பார்த்துக் கொள்வது நலம்!

ஐயனார் ஊரின் எல்லையைக் காக்கும் தெய்வம் அல்லவா? எல்லையைத் தாண்டிப் போனவர்களை யார் காப்பது என்ற கேள்வி இந்தச் சீமையில் வெகு நாளாக உண்டு. இது வானம் பார்த்த பூமி. 1985-ல் சிவகங்கை தனி ஜில்லா ஆவதற்கு முன் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. மழை பொய்த்தால் கப்பல் ஏறுவது என்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம்.

சாலையோடு மேலே திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று போனால் நகரத்தார் வாழும் ஊர்கள் வந்துவிடும். பர்மாத் தேக்கில் தூண்கள் நிறுத்திய மாளிகைகளைப் பார்த்து வியக்காதவர் இல்லை. ஆனால் அந்த மாளிகைகளைக் காட்டிலும் எனக்கு அதிசயமாகத் தோன்றுவது, அவற்றுக்குப் பணம் அனுப்பிய கிட்டங்கிதான்.

சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு என்று ஒரு தெரு. அங்கே நீண்ட கூடங்களில் பல கடைக்காரர்கள் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து தொழில் செய்தார்கள். ஆளுக்கு ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேஜை, ஒரு பாய். பகலில் கடை, இரவில் அதுவே படுக்கை. சமையலுக்குப் பொதுவில் ஆள் உண்டு. செட்டிநாட்டிலிருந்து மீசை முளைக்காத பிள்ளை ஒருவன் கப்பலிலிருந்து இறங்கினால், அவன் பெட்டியடிப் பையன். பிறகு அடுத்தாள், அதற்கும் பிறகு மேலாள். மலாய்ப் பேச்சை அவனுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் கற்பிக்கவில்லை. பெரியவர்கள் பேசக் கேட்டும், வசூலுக்குக் கூடவே போயும் கற்றுக் கொண்டான். ஊரிலுள்ள முதலாளிக்காகக் கையெழுத்திடும் அதிகாரத்தை முக்தியார்நாமாவாக எழுதி வாங்கிக்கொண்டு மேலாள் கோர்ட்டுக்கும் போனார், பாங்கிக்கும் போனார். பெரும்பாலும் மூன்று வருஷத் தவணை. கணக்கை ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் நடுநாயகமாக விளங்கியது கோயில். 1859-ம் ஆண்டில் டாங்க் ரோட்டில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். கடைகள் மகமை கொடுத்தன. தங்களுக்குள் ஏற்படும் வழக்குகளைக் கோர்ட்டு வாசலுக்கு எட்டவிடாமல் முருகன் சந்நிதியில் பேசித் தீர்ப்பது வழக்கம். ரங்கூனில் மாதந்தோறும் நடப்பு வட்டியை நிர்ணயித்ததுகூடக் கோயிலில் கூடித்தான். வட்டியைப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். சுவாமி முன்னிலையில் சொன்ன வார்த்தையை மீறுவது கஷ்டம் என்பது அவர்களுக்குத் தெரியும்! மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் 1970-களில் புதுக் கட்டடங்களுக்கு இடம் விட்டு மறைந்தன. கோயில் இருக்கிறது; தைப்பூசமும் நடக்கிறது.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். கிட்டங்கியின் கதவு நகரத்தாருக்கு மட்டுமே திறந்தது. அதே சீமையிலிருந்து, அதே பஞ்சத்துக்குப் பயந்து, கங்காணியின் பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன ஏழை ஜனங்களுக்கு அப்படி ஒரு கூரை கிடையாது. மண்டபம் முகாமில் அவர்களை அடைத்து வைத்துப் பரிசோதித்துக் கடல் கடத்தினார்கள். அங்கே போனதும் 'துண்டு' என்று ஒரு காகிதம். இந்தக் கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விட்டுவிடுகிறோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது அது. தன் விலை எழுதிய சீட்டைத் தானே மடியில் வைத்துக் கொண்டு போனான் தொழிலாளி. அதில் என்ன எழுதியிருந்தது என்று அவனுக்குப் படிக்கத் தெரியாது. 1921-ல்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

துண்டு ஒழிந்தாலும் காகிதத்தின் ஆதிக்கம் ஒழியவில்லை. 1948-ம் ஆண்டின் பிரஜா உரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. மறு வருஷத்துச் சட்டம், வேண்டுமானால் மனுச் செய்து கொள்ளுங்கள் என்றது. இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் மனுவே வேண்டாம் என்று பகிஷ்கரித்துவிட்டுக் கெடு நெருங்கும் சமயத்தில் மனுச் செய்யச் சொல்லிற்று. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் குவிந்தன. உரிமை பெற்றவர்களோ சுமார் 1,34,000 பேர்தான். இத்தனை வருஷம் இங்கேயே வசித்தேன் என்பதற்கு லயத்து அறையில் குடியிருந்தவனிடம் என்ன தஸ்தாவேஜு இருக்கும்?

இந்த விஷயத்தில் சிங்கப்பூர்த் தமிழர்கள் பாக்கியசாலிகள். 1935-ல் 'தமிழ் முரசு' பத்திரிகையைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, அங்கே 1957-ல் பிரஜா உரிமைச் சட்டம் வந்தபோது, தொழிலாளர் வரை எல்லாரும் பதிவு செய்து கொள்ள வேண்டும் என்று ஓயாமல் பிரசாரம் செய்தார். ஜாதியும் விலாசமும் கேட்காத கிட்டங்கி என்றே அந்தப் பத்திரிகையைச் சொல்லலாம்.

இலங்கையில் 1964-ம் ஆண்டின் ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதிற்று. 1983-ல் கலவரம் மூண்ட பிறகு அகதிகள் படகேறி வந்தார்கள். அவர்களை ஏற்றுக் கொண்டதும் மண்டபம் முகாமே! அந்த வழியாகப் போனவர்களின் பேரன் பேத்திகளும் வந்தவர்களில் பலர். சிவகங்கை உள்பட எத்தனையோ ஜில்லாக்களில் முகாம்கள் ஏற்பட்டன. 2021 முதல் அவற்றை 'மறுவாழ்வு முகாம்' என்கிறார்கள்.

அவர்கள் பேசுவதும் தமிழ், நாம் பேசுவதும் தமிழ். ஆயினும் விண்ணப்பத்தின் பாஷை வேறு. செல்வநாயகத்தின் குமாரர் சந்திரகாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்தப் பாஷையைத்தான் கற்றுக் கொடுத்து வருகிறது. அதில் வேலை செய்கிறவர்களும் பெரும்பாலும் அகதிகளே. முகாமில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்று வாங்கி, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்து, பிரஜா உரிமைப் பத்திரம் பெறும் வரையில் கூட நிற்கிறார்கள். ஏசு சபையாரின் அகதிகள் பணியினர் முகாம்களில் மாலை வகுப்புகள் நடத்தியிருக்கிறார்கள்.

இந்தியச் சட்டத்திலோ ஒரு தேதி இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பினாலேயே இந்தியப் பிரஜை. 2022-ல் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை இந்த விதியைக் கொண்டே, முகாமில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி உத்தரவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆகவே ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றில், 1986-ல் பிறந்த அக்காள் இந்தியப் பிரஜை; 1988-ல் பிறந்த தம்பி அந்நியன். இருவருடைய பிறப்புச் சான்றையும் ஒரே உறையில்தான் அந்தத் தாய் வைத்திருப்பாள்.