இருபத்தெட்டு எறிவுகள்

வலியோர் வெல்வதும் மெலியோர் தோற்பதும் உலகியல்பு. இவ்வியல்பு எப்போதாவது ஒருமுறை தலைகீழாக மாறுமிடத்து மக்கள் அதனை அதிர்ஷ்டம் என்பர், அற்புதம் என்பர். வென்றவன் உழைப்பை மறைப்பதற்கு இவ்விரு சொற்களும் போதுமானவை. 1985ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி, அமெரிக்காவின் லெக்சிங்ரன் நகரில் நடைபெற்ற பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்ட இறுதியாட்டமும் அவ்வாறே அற்புதம் எனப் பேசப்பட்டுவருவதாகும்.

ஒருபுறம் ஜோர்ஜ்ரவுண் பல்கலைக்கழகம். முன்னைய ஆண்டின் வெற்றிவீரர்கள் அவர்களே. ஏழடி உயரமுடைய பற்றிக் இயூவிங் கூடையின் கீழ் நின்றாலே எதிரணியினர் தயங்குவர். ஜோன் தொம்சன் பயிற்றிய அவ்வணி, அப்பருவத்தில் 35 வெற்றிகளையும் இரண்டே தோல்விகளையும் பெற்று இறுதியாட்டத்துக்கு வந்திருந்தது. மறுபுறம் ரொலி மசிமினோவின் வில்லனோவா. பத்துத் தோல்விகளைச் சுமந்து, தன் பிரிவில் எட்டாம் நிலையில் வைக்கப்பட்ட அணி அது.

இரண்டும் 'பிக் ஈஸ்ற்' என்னும் ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்தவை. அப்பருவத்தில் இருமுறை மோதியிருந்தன. இருமுறையும் வில்லனோவாவே தோற்றது. முதலாவது ஆட்டம் மேலதிக நேரம்வரை சென்று 52க்கு 50 என முடிந்தது. அடுத்தது 57க்கு 50. தோல்விகளை எண்ணுவோர்க்கு இவை இரண்டு தோல்விகள். இடைவெளியை அளப்போர்க்கோ, இவை எட்டக்கூடிய தூரம். தெரியாத பகைவனே பெரிதும் அஞ்சத்தக்கவன். பலமுறை எதிர்நின்று அறிந்தவன் எத்துணை வலியனாயினும், அவனது வலிமைக்கு ஓர் எல்லை உண்டென்பது தெரிந்துவிடுகின்றது. 1981இல் ஒன்றாகச் சேர்ந்து நான்காண்டுகள் ஒன்றாக ஆடிய எட் பிங்க்னி, டுவெயின் மக்கிளெயின், கரி மக்லெயின் ஆகிய மூவர்க்கும் அது இறுதி ஆட்டம். மீண்டும் ஒரு வாய்ப்பு அவர்களுக்கு இல்லை.

அவ்வாண்டுச் சுற்றுப்போட்டியில், பந்தைப் பெற்ற அணி குறித்த நேரத்துள் எறியவேண்டும் என்ற விதி இருக்கவில்லை. எனவே வில்லனோவா பொறுமையைக் கருவியாகக் கொண்டது. நல்ல வாய்ப்பு வாய்க்கும்வரை பந்தைக் கைமாற்றிக்கொண்டேயிருந்தது. மோதல்கள் பெருகப் பெருக வலியவனின் மேம்பாடு வெளிப்பட்டே தீரும். அவை குறைந்தால் மெலியவனுக்கும் இடமுண்டு. ஆனால், இதற்குரிய விலை பெரிது. சில முறையே எறிபவன் தவறவிடலாகாது.

நாற்பது நிமிடங்களில் வில்லனோவா கூடையை நோக்கி எறிந்தது 28 முறை, விழுந்தவை 22. இரண்டாம் பாதியில் எறிந்த பத்தில் ஒன்பது விழுந்தன. மாற்று வீரராக இறங்கிய ஹரோல்ட் ஜென்சன் எறிந்த ஐந்தும் தவறவில்லை. ஜோர்ஜ்ரவுணும் சோரவில்லை, 53 எறிவுகளில் 29ஐக் கூடையிலிட்டது. களத்திலிருந்து ஈட்டிய புள்ளிகளை மட்டும் கணக்கிட்டால் அவ்வணியே 58க்கு 44 என முன்னின்றது. வேறுபாட்டைத் தந்தவை தண்ட எறிவுகள். வில்லனோவா 27இல் 22ஐயும், ஜோர்ஜ்ரவுண் எட்டில் ஆறையும் பெற்றன. முடிவு 66க்கு 64.

இங்கு அற்புதம் எங்கே? ஆரவாரமின்றித் தனித்து நின்று தண்ட எறிவைப் பழகிய மாலைப்பொழுதுகள் எத்தனையோ! அவற்றின் பயனே அன்றிரவு கைகூடிற்று. அதிர்ஷ்டமும் துணைநின்றிருக்கலாம், இருபத்தெட்டில் இருபத்திரண்டு நாள்தோறும் விழுவன அல்ல. ஆயினும், எறியத் தகாத வேளையில் எறியாதிருந்தது அதிர்ஷ்டமன்று. அது கல்வி.

அடுத்த பருவத்தில் 45 விநாடிக்குள் எறியவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பந்தை நெடுநேரம் வைத்திருந்து காத்திருக்கும் அந்த வழி அத்துடன் அடைபட்டது. எட்டாம் நிலையிலும் தாழ்ந்த அணி எதுவும் இன்றுவரை அக்கிண்ணத்தை வென்றதில்லை.

மெலியோர்க்கு வழிகள் பல திறந்திருப்பதில்லை. திறந்திருக்கும் ஒன்றும் விரைவில் மூடப்படலாம். இருமுறை தோற்றபின்பும் அதனைத் தேடிக் காண்பவனே மூன்றாம் முறை களத்தில் இறங்கத் தகுதியுடையவன்.