சாய்ந்த தென்னையும் 133ஆம் பிரிவும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை அழித்துவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு என்னிடம் வந்த வழக்கு, விழாமல் சாய்ந்து நின்றுவிட்ட ஒரு தென்னையைப் பற்றியது.

என் கட்சிக்காரர் கூலித் தொழிலாளி. பக்கத்துக் கொல்லைத் தென்னை, தூர் அசைந்து அவருடைய ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்திருந்தது. காற்று வீசினால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவார். மரத்துக்குரிய அம்மாவோ புயலில் தோப்பையே இழந்தவர். "புயலே விட்டுவச்ச மரம், இவன் யாரு வெட்டச் சொல்ல?" என்று ஊர்ப் பஞ்சாயத்தில் கேட்டிருக்கிறார். அவர் பிடிவாதக்காரர் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை.

முன்சீப் கோர்ட்டில் செயலுறுத்துக் கட்டளை கேட்டிருக்கலாம். எதிருரை, ஆணையர் நியமனம், வாய்தா என்று அது நீளும்; ஐப்பசி மழை அதுவரை காத்திருக்காது. அதனால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனுச் செய்தேன். சாக்கடைக்கும் புகைக்கும் உரிய பிரிவு என்றே பலரும் இதை நினைக்கிறார்கள். விழுந்து அக்கம்பக்கத்தாருக்குக் காயம் விளைவிக்கக்கூடிய நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உத்தரவிடலாம் என்று அதிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. யாருடைய மரம், எத்தனை காய் காய்க்கிறது என்பதெல்லாம் அங்கே கேள்வி இல்லை. விழுமா என்பதுதான் கேள்வி.

எதிர்த்தரப்பின் வாதமும் வலுவானதே. கொண்டை பச்சையாக இருக்கிறது, குலை தள்ளியிருக்கிறது, இதைப் பட்டுப்போன மரம் என்று எப்படிச் சொல்லலாம் என்றார்கள். பார்வையிட வந்த தோட்டக்கலை அலுவலர் மேலே பார்க்கவில்லை, அடிமரத்தைப் பார்த்தார். துளைகள், அவற்றிலிருந்து வழிந்து உறைந்த பழுப்புச் சாறு, மென்று தள்ளிய நார். சிவப்புக் கூன்வண்டின் வேலை. தட்டினால் உள்ளே கூடாகக் கேட்டது. அந்த அறிக்கைதான் வழக்கை முடித்தது. ஓலை பச்சையாக இருப்பதை நம்பி இத்தகைய மரத்தின் கீழ் குடியிருக்கும் குடும்பங்களை நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது.

"இந்தக் குலை மட்டும் முத்தட்டும் ஐயா" என்று விசாரணையில் அந்த அம்மா கேட்டார். மனம் இளகினாலும் எதிர்த்தேன். ஒரு குலை முத்துவதற்குள் பருவமழை வந்துவிடும். காய்களை முதலில் இறக்கி அவரிடம் ஒப்படைத்துவிட்டு, மரத்தை உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்க வேண்டும் என்று உத்தரவானது. மழைக்கு முன்பே அது நிறைவேறியது.

2024 ஜூலை முதல் அதே அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் இருக்கிறது. பக்கத்து மரம் பயமுறுத்தினால் அரிவாளோடு அவர்கள் கொல்லைக்குள் இறங்காதீர்கள், அது அத்துமீறல். அடிமரத்தைத் தேதியோடு படமெடுங்கள், உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், அசையாவிட்டால் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். புரட்டாசிக்குள் போங்கள்.