கிதாரும் பறையும்

காட்டாங்குளத்தூரில் குடியிருப்பவர்களுக்குச் சங்கீத ஞானம் வேண்டுமோ வேண்டாமோ, சங்கீதம் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். சர்வகலாசாலை மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வசிக்கும் ஊர் இது. மாடி அறைகளிலிருந்து வகைக்கு ஒரு பாட்டு, ஜி.எஸ்.டி. சாலையில் போகும் லாரிகளின் ஊதல் அதற்குச் சுருதி. காதைப் பொத்திக்கொண்டு காலம் கழிப்பதைவிட, என்னதான் பாடுகிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டுவிடுவது மேல் என்று நமக்குத் தோன்றிற்று. ராக் என்றும் ராப் என்றும் வழங்கும் தொகுப்புகளில் மூன்றைச் சமீபத்தில் முழுமையாகக் கேட்டோம். மூன்றும் நம் நாட்டவர் செய்தவை. நம் அபிப்பிராயத்தைச் சொல்லுகிறோம். நேயர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமென்ற நிர்ப்பந்தம் இல்லை.

முதலாவது, பெங்களூர் 'அகம்' குழுவினர் 2017-ல் வெளியிட்ட 'எ ட்ரீம் டு ரிமெம்பர்'. இதில் தியாகராஜ சுவாமிகளின் நளினகாந்தி ராகக் கிருதியான 'மனவ்யாலகிஞ்சரா' எலெக்ட்ரிக் கிதாருடன் வருகிறது. கிதாரில் கமகமாவது, வருவதாவது என்று சிலர் மூக்கில் விரலை வைக்கக்கூடும். வீணையிலும் மெட்டுக்கள்தானே இருக்கின்றன? தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தானே கமகம் பிடிக்கிறோம்? கிதாருக்கும் அதே வழிதான். ராகத்துக்கு உயிர்ச்சேதம் ஒன்றும் நேரவில்லை. நம் குறை வேறு. தன் விண்ணப்பத்தைக் கேட்கலாகாதா என்று மனத்தை நோக்கிக் கெஞ்சும் பாட்டு அது. டிரம்ஸ் முழங்கும் இடங்களில் மனம் கேட்க விரும்பினாலும் காது விடமாட்டேன் என்கிறது. எனினும், சபாப் பக்கம் தலைவைத்துப் படுக்காத இளைஞர்கள் ஒரு கிருதியை முணுமுணுக்கிறார்கள் என்றால் அது சாமானிய காரியமல்ல.

இரண்டாவது, 2018-ல் வெளியான 'மகிழ்ச்சி'. பாடியவர்கள் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் முன்னின்று சேர்த்த இக்குழு, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி செய்தது. 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து குழுவின் பெயர் பிறந்தது. வட சென்னையில் சாவு வீட்டுத் திண்ணையில் வளர்ந்த கானாப் பாட்டு இங்கே கிதாரோடும் பறையோடும் மேடையேறுகிறது. ஆண்களே பெரும்பாலும் பாடிவந்த கானாவைப் பாடிப் பெயர் பெற்ற இசைவாணி இக்குழுவைச் சேர்ந்தவர், 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்மணிகள் பட்டியலில் இடம் பெற்றவர்.

குறை இல்லாமலில்லை. சில பாட்டுக்களில் உபதேசம் மிஞ்சிப் பாட்டு பின்தங்குகிறது. பறைக்கு முன்னால் கிதார் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்கிறது. ஆனால், பறை! அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் மாறி மாறி விழும்போது நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களும் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது.

நம் வகுப்பில் ஒரு பையன் உண்டு. விண்ணப்பத் தாளில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதுவான். இந்தப் பாட்டு ஒன்றைப் பற்றி நாம் பேசிய அன்று, மத்தியான இடைவேளையில் அவன் பெஞ்சில் இரண்டு விரல்களால் ஓர் அடியைத் தட்டிக் காண்பித்து, "இது எங்க அப்பா அடிக்கிறது, சார்" என்றான். சுற்றி நின்ற பிள்ளைகள் மறுபடியும் தட்டச் சொன்னார்கள். இலக்கண வகுப்பில் நாம் எத்தனையோ பாடம் நடத்தியும் அந்தப் பையன் அவ்வளவு நிமிர்ந்து பேசி நாம் பார்த்ததில்லை.

1941-ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் ஏற்பட்டது. கச்சேரி மேடையில் தாய்மொழிக்கு இடம் வேண்டுமென்று பெரியவர்கள் போராடினார்கள், இடமும் கிடைத்தது. ஆனால், மேடையேறிய தமிழின் பக்கத்தில் பறைக்கு யாரும் பாய் விரிக்கவில்லை. அந்தப் பாயை இந்த இளைஞர்கள் தாங்களே கொண்டுவந்து விரித்திருக்கிறார்கள்.

மூன்றாவது, அரக்கோணத்து அறிவும் ஆஃப்ரோ என்னும் இசையமைப்பாளரும் 2019-ல் வெளியிட்ட 'தெருக்குறள்'. ராப் என்பது பாட்டா, பேச்சா என்று கேட்பவர்களுக்கு, ஆசிரியத் தொழில் செய்யும் நாம் ஒன்று சொல்லுவோம். எதுகை மோனையைப் பையன்களுக்கு விளங்க வைக்க இதைவிடச் சுலபமான சாதனம் நமக்கு அகப்படவில்லை. 'ஆன்டி இந்தியன்' என்ற பாட்டு, கேள்வி கேட்பவர்களைத் தேசத் துரோகிகள் என்று ஏசும் வழக்கத்துக்குப் பதில் சொல்லுகிறது. குரலில் கோபம் அதிகந்தான். ஆனால், தேசத்தின் குறையைச் சொல்லுகிறவனுக்குத் தேசத்தில் அக்கறையில்லை என்று யார் சொன்னது? பாரதியார் சொல்லாத குறையா? வேகத்தில் சில சொற்கள் நசுங்கிப் போகின்றன என்பதே நம் புகார். அவ்வளவு பொருளுள்ள வார்த்தைகளைக் கேட்பவன் காதில் நிறுத்திப் போட்டால் என்ன நஷ்டம்?

ஆக, மூன்றில் எது முதல்? வித்தையில் 'அகம்', சொல்லில் 'தெருக்குறள்', இருக்கவேண்டிய அவசியத்தில் 'மகிழ்ச்சி'. நமக்கு நெடுநாள் நினைவிலிருக்கப் போவது கடைசியில் சொன்னதே. நேயர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கட்டும். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாமல் ஓசையைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளலாம். பறை அதற்குச் சம்மதிக்குமா என்பது வேறு விஷயம்.