அருவங்காட்டு மருந்தும் மணமேல்குடி வெயிலும்

மணமேல்குடியில் துப்பாக்கி மருந்து செய்யும் ஆலை எதுவும் இல்லை. இருந்தும் ரைபிள் மருந்தைப் பற்றி எழுத இந்த ஊரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இங்குள்ள வெயில். பாக் நீரிணையை ஒட்டிய இந்தக் கரையில் சித்திரை, வைகாசி மதியத்தில் வெளியே கிடக்கும் இரும்பை வெறுங்கையால் தொட முடியாது. இரவில் உப்புக் காற்று அதே இரும்பில் துருவேற்றும். தமிழ்நாட்டில் துப்பாக்கிக்கான மருந்து பிறக்கிற இடமோ நீலகிரியின் குளிரில், குன்னூரை அடுத்த அருவங்காட்டில் இருக்கிறது. மலையில் செய்த மருந்து கடற்கரையிலும் அதே வேகத்தில் குண்டைத் தள்ள வேண்டும். நல்ல மருந்து என்றால் வலுவான மருந்து என்றே பலரும் எண்ணுகிறார்கள். குழல், குண்டு, தட்பவெப்பம் மூன்றுக்கும் ஒத்துப்போகிற மருந்தே நல்ல மருந்து என்பதும், அந்தப் பொருத்தத்தை அளந்துதான் அறிய முடியும் என்பதும் என் கட்சி.

நீலகிரி மலை ரயில் வெலிங்டனுக்கும் கேத்திக்கும் இடையே அருவங்காட்டில் நிற்கிறது. இங்குள்ள கார்டைட் தொழிற்சாலை 1904-இல் உற்பத்தியைத் தொடங்கியது; காட்டேரி அருவியின் நீரில் எடுத்த மின்சாரம் அதற்கு உதவியது. 2021 அக்டோபரிலிருந்து அது முனிஷன்ஸ் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. வெடிமருந்து ஆலைகளில் கொட்டகைகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவதில்லை. ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்தது தப்ப வேண்டும் என்பதற்காக இடம் விட்டே கட்டுவார்கள். பழைய கார்டைட்டின் செய்முறையைக் கிட்டத்தில் பார்த்தால் தொழிலாளியின் பங்கு விளங்கும். நைட்ரோகிளிசரினையும் நைட்ரோ ஏற்றிய பஞ்சையும் அசிட்டோன் விட்டுப் பிசைந்து, வாசலின் சேர்த்து மாவாக்கி, இடியாப்பம் பிழிவதைப் போல அச்சில் அழுத்தி இழையாக எடுத்து, உலர்த்தி நறுக்குவார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 ரைபிள் தோட்டா ஒன்றுக்குள் ஏறக்குறைய 60 இழைகள் கட்டாகப் போகும். எடை சுமார் இரண்டு கிராம். கட்டு நுழைய வசதியாக, மருந்தை வைத்த பிறகுதான் பித்தளைக் கூட்டின் கழுத்தையே ஒடுக்குவார்கள்.

இழையின் பருமனுக்கு ஏன் இத்தனை மெனக்கெடல்? இந்த மருந்து மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காக எரிகிறது. மெல்லிய இழை சீக்கிரம் தீரும், பருத்த இழை நின்று எரியும். குண்டு குழலைக் கடக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் அழுத்தம் ஏறி, குண்டை நகர்த்தி, பின் தணிய வேண்டும். மருந்து மிக வேகமாக எரிந்தால் குண்டு நகரும் முன்பே அழுத்தம் உச்சத்துக்குப் போய், சுடுபவரின் முகத்துக்கு அருகில் இருக்கும் பூட்டைப் பிளக்கும். மிக மெதுவாக எரிந்தால் பாதி மருந்து குழலுக்கு வெளியே வீணாகும், வேகமும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் மாறும். கைத்துப்பாக்கிக்கு உரிய மருந்து ரைபிளில் ஆபத்தாவது இதனால்தான். கனமான குண்டுக்கும் லேசான குண்டுக்கும் கணக்கு மாறுவதும் இதனால்தான்.

வலு மட்டும் போதாது என்பதற்கு .303-இன் கதையே சாட்சி. 1888-இல் அது கருமருந்தோடு வந்தது. சில ஆண்டுகளில் கார்டைட்டுக்கு மாறியது. முதல் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் நூற்றுக்கு 58 பங்கு. குண்டு வேகமாகப் போனது, ஆனால் அந்தச் சூட்டில் குழலும் அரித்தது. குழலுக்குள் வெட்டிய ஆழமில்லாத மெட்ஃபோர்டு வரிப்பள்ளங்கள் தேய்ந்து போக, 1895-இல் ஆழமான என்ஃபீல்டு வரிப்பள்ளம் வந்தது. பின்னர் நைட்ரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்த கார்டைட்டையும் கொண்டுவந்தார்கள். மருந்தின் சூடு குழலின் வடிவத்தையும் மருந்தின் கலவையையும் மாற்ற வைத்தது. வெயிலும் அதே பாடத்தைச் சொன்னது. கார்டைட் சூடேறினால் அழுத்தம் கூடும். இங்கிலாந்தின் குளிரில் சரியாக இருந்த வேட்டைத் தோட்டாக்களில் இந்தியாவில் அழுத்தம் மிகுந்து, சுட்ட கூடு அறைக்குள் இறுகிக்கொண்டது. அதனால் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்த தோட்டாக்களைத் தனியாகவே விற்றார்கள். மணமேல்குடி வெயிலுக்கு வலுக் குறைந்த தோட்டாவே பொருத்தமாக இருந்திருக்கும்.

இதற்கு முதல் மறுப்பு கிராமத்திலிருந்து வரும். நம் பாட்டன்மார் நாட்டுத் துப்பாக்கியில் கையளவாகத்தானே மருந்து கெட்டித்தார்கள்? உண்மைதான். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை இன்றும் குறிப்பிட்டுச் சொல்கிறது. ஆனால் அந்தத் துப்பாக்கி நம்பியது கருமருந்தை. கருமருந்தைக் கொள்ளளவால் அளக்கலாம்; சிறு பிசகைப் பெரும்பாலும் அது பொறுத்துக்கொள்ளும். கார்டைட் போன்ற புகையில்லா மருந்து பொறுக்காது. அதே கையளவை நாட்டுத் துப்பாக்கியில் கொட்டினால் குழல் வெடிக்கும். கருமருந்துக்கும் வேறொரு குறை உண்டு. சுட்ட பின் குழலில் தங்கும் உப்புக்கசடு ஈரத்தை இழுக்கும். இந்தக் கடற்காற்றில் ஓர் இரவு கழுவாமல் விட்டாலே துரு பிடித்துவிடும். கைப்பழக்கம் பயன்பட்டது அந்த மருந்துக்கு. அதை வேறு மருந்துக்கு எடுத்துச் செல்வதுதான் தவறு.

இரண்டாவது மறுப்பு படித்தவர்களிடமிருந்து வரும். அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடுபவர்கள் தாங்களே தோட்டா அடைத்து, ஆலைத் தோட்டாவைவிடத் துல்லியமாகச் சுடுகிறார்களே? சுடுகிறார்கள். ஆனால் மருந்துக் கம்பெனி அழுத்தத்தை அளந்து வெளியிட்ட கையேட்டைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் நடக்கிறார்கள். குறைந்த அளவில் தொடங்குகிறார்கள், குண்டையோ கூட்டையோ மாற்றினால் கணக்கை மீண்டும் முதலிலிருந்து போடுகிறார்கள். எரியும் வேகப்படி மருந்துகளை வரிசையிட்ட அட்டவணையை மட்டும் நம்பி ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை இடுவதில்லை. அந்த வரிசை எது முந்தி எது பிந்தி என்று காட்டுமே தவிர எத்தனை கிராம் என்று சொல்லாது. அவர்களுடைய துல்லியத்துக்குப் பின்னால், செம்பு உருளை எவ்வளவு நசுங்கியது என்று அளந்து அழுத்தத்தைக் கணித்த ஆய்வுக்கூடத் தொழிலாளியின் பதிவேடு இருக்கிறது. நம் நாட்டிலோ தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும், உரிமம் வாங்கிய .315 ரைபிளுக்கு ஆலைத் தோட்டா கிடைக்கிறது.

ஆகவே மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்று கேட்டால், நான் மருந்து ஆலைத் தொழிலாளியையே காட்டுவேன். பல தொகுதி மருந்துகளைக் கலந்து ஒரே சீராக்குவதும், சுட்டுப் பார்த்து ஏற்பதும் ஒதுக்குவதும் அவர் வேலை. நைட்ரோகிளிசரின் ஆவி தலைவலி தரும்; விடுமுறை முடிந்து திரும்பிய நாளில் அது கூடும் என்பது இந்தத் தொழிலில் நெடுங்காலமாகத் தெரிந்த சங்கதி. அந்த உழைப்பில் வந்த தோட்டாவைப் பிரித்து மருந்தை வேறொன்றில் கொட்டுவது, அளந்ததை அழித்துக் குத்துமதிப்புக்குத் திரும்புவது. துப்பாக்கி உரிமம் கேட்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியை 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் சொல்கின்றன. அந்தப் பயிற்சியில் கருமருந்துக்கும் புகையில்லா மருந்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில், கடலோர வெயிலையும் ஈரத்தையும் சேர்த்து, மாவட்ட நிர்வாகம் கற்றுத்தர வேண்டும். உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆலை மூடிய தோட்டாவைத் திறக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள்.