இன்னும் போடலையா?

2024 மே மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் மகளிடமிருந்து போன். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். காலையில் கூப்பிடுகிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. ஊரில் யாருக்கோ என்னவோ என்று பதறிப்போய் எடுத்தேன்.

“சித்தப்பா, நீங்க இன்னும் போடலையா?”

“எதைம்மா?”

“ரஃபா! எல்லாரும் போட்டாச்சு. நீங்கள்லாம் எழுதறவங்க. நீங்களே சும்மா இருந்தா எப்படி?”

வாயில் நுரையோடு இன்ஸ்டாகிராமைத் திறந்து பார்த்தேன். வரிசை வரிசையாகக் கூடாரங்கள். நடுவில் வெள்ளைக் கூடாரங்களாலேயே எழுதிய மாதிரி, எல்லாக் கண்களும் ரஃபாவின் மீது என்று அர்த்தம் வரும் ஆங்கில வாசகம். மே 26 இரவு, ரஃபாவில் அகதிகள் தங்கியிருந்த கூடாரங்கள் மீது இஸ்ரேலிய விமானத் தாக்குதல். தீப்பிடித்து 45 பேர் செத்துப்போனார்கள். அதற்கு அடுத்த ஓரிரண்டு நாளில் இந்தப் படத்தை உலகம் முழுக்க நாலரைக் கோடிப் பேருக்கு மேல் பகிர்ந்துவிட்டார்கள்.

விசேஷம் என்னவென்றால், அது போட்டோவே அல்ல. மலேசியாவிலிருந்து ஒருவர் கம்ப்யூட்டரிடம் சொல்லிச் செய்த படம். பின்னணியில் பனி மூடிய மலை மாதிரி ஏதோ தெரிகிறது. காஸா கடலோர மணல் பூமி, அங்கே ஏது பனிமலை? படத்தில் ஒரு மனிதர் கிடையாது. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. அதனால்தான் அது அத்தனை சுலபமாகப் பரவியது என்று பிறகு பலர் சொன்னார்கள். ரத்தம் இருந்தால் இன்ஸ்டாகிராம் மூடி வைத்துவிடும். நாமும் கட்டைவிரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம்.

மாதுரி தீட்சித் அதைப் போட்டார். உடனே ஒரு கூட்டம் அவரைத் திட்டித் தீர்த்தது. கொஞ்ச நேரத்தில் அது அவர் பக்கத்தில் காணாமல் போயிருந்தது. உடனே இன்னொரு கூட்டம், எடுத்ததற்காகத் திட்டியது. இஸ்ரேல் ஆதரவாளர்கள் பதிலுக்கு ஒரு கம்ப்யூட்டர் படம் தயாரித்தார்கள். துப்பாக்கிக்காரன் ஒருவன் முன்னால் ஒரு குழந்தை. ‘அக்டோபர் 7 அன்று உங்கள் கண்கள் எங்கே இருந்தன?’ நியாயமான கேள்விதான். 2023-ல் அன்று ஒரே நாளில் சுமார் 1,200 பேரைக் கொன்று, 250 பேரைப் பிடித்துக்கொண்டு போனது ஹமாஸ். ஆனால், கேள்வி கேட்பதற்கும் ஒரு பொய்ப் படம் தேவைப்பட்டது.

நானும் போட்டேன். வாய் கொப்பளித்துவிட்டு, முதல் காரியமாக.

என் பக்கத்தில் எதைப் போட்டாலும் பன்னிரண்டு, பதினாலு பேருக்கு மேல் லைக் போட மாட்டார்கள். அதில் நாலு பேர் உறவுக்காரர்கள். அன்று முந்நூற்றுச் சொச்சம்! மத்தியானத்துக்குள் நாலு தடவை எடுத்துப் பார்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாற்பத்தைந்து பேர் கருகிப்போனதை ஒட்டி எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ருசிதான் அடுத்த தப்பைச் செய்யவைத்தது.

இரண்டு நாள் கழித்து யாரோ அனுப்பிய ஒரு போட்டோ. இடிபாடுகளுக்கு நடுவே, முகமெல்லாம் சிமென்ட் தூசியோடு நாலைந்து வயதுப் பெண் குழந்தை. அழவில்லை. கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ‘ரஃபா, நேற்று’ என்று தலைப்பு. நான் அதற்கு மேல் நாலு வரி உருக்கமாக எழுதி, எங்கள் வாக்கிங் குரூப்பிலும் போட்டேன்.

அந்தக் குரூப்பில் ஒரு நண்பர் உண்டு. பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். எதையும் வவுச்சர் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதவர். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. அந்தப் படம் பல வருஷங்களுக்கு முன்பு சிரியாவில் எடுத்தது என்று லிங்க் சகிதம் போட்டுவிட்டு, கீழே ஒரு வரி:

“பார்த்தீங்களா சார், எல்லாமே டிராமா.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. படம் தப்பாக இருக்கலாம், சாவு தப்பா என்று ஏதோ எழுதினேன். அவர் வேறொன்று எழுதினார். மூன்றாம் நாள் அவர் குரூப்பிலிருந்து விலகினார். ஐந்தாம் நாள் பூங்காவில் எதிர்த் திசையில் நடக்க ஆரம்பித்தார். பதினோரு வருஷப் பழக்கம். என் பைபாஸ் சர்ஜரிக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவர்.

அவர் சொன்ன ‘டிராமா’வுக்கு ஒரு பெயரே இருக்கிறது. பாலஸ்தீனத்தையும் ஹாலிவுட்டையும் சேர்த்து ‘பாலிவுட்’. நம் பம்பாய் பாலிவுட் அல்ல. காஸாக்காரர்கள் காயம், சாவு எல்லாம் நடிக்கிறார்கள் என்கிற குற்றச்சாட்டு. 2023 நவம்பரில் அதற்கு ஆதாரமாக ஒரு வீடியோ சுற்றியது. ஒரு குழந்தைக்கு மேக்கப் போட்டு ரத்தம் தடவுகிறார்கள். இஸ்ரேல் பிரதமரின் அரபு மொழிச் செய்தித் தொடர்பாளரே அதைப் பகிர்ந்தார். கடைசியில் பார்த்தால், அது லெபனானில் எடுத்த ஒரு குறும்படத்தின் படப்பிடிப்பு. அதற்கு அடுத்த மாதம், துணியில் சுற்றிய ஓர் இறந்த குழந்தையை ‘இது பொம்மை’ என்று ஒரு இஸ்ரேலிய நாளிதழே செய்தி போட்டுவிட்டு, பிறகு வாபஸ் வாங்கியது. செத்த குழந்தையைப் பொம்மை அல்ல என்று நிரூபிக்க வேண்டிய நிலைமை அதன் அம்மாவுக்கு!

மறு பக்கமும் சளைத்ததல்ல. அக்டோபர் 7 அன்று சாதாரண ஜனங்களை யாரும் கொல்லவே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கொன்றவர்கள் தாங்களே எடுத்த வீடியோக்கள் இருந்தும். பிணைக்கைதிகளின் படம் போட்ட போஸ்டர்களை நியூயார்க், லண்டன் தெருக்களில் கிழித்துப்போட்டார்கள், அதைச் செல்போனில் வேறு எடுத்தார்கள். அக்டோபர் 17 அன்று காஸாவில் அல் அஹ்லி ஆஸ்பத்திரியில் குண்டு வெடித்த ஒரு மணி நேரத்துக்குள், யார் போட்டது, எத்தனை பேர் என்று உலகமே தீர்ப்பு எழுதிவிட்டது. பிறகு ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் மாதிரி அமைப்புகள் ஆராய்ந்து, பாலஸ்தீன ஆயுதக் குழுக்கள் உபயோகிக்கும் ராக்கெட் குண்டாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு என்றபோது, தீர்ப்பு எழுதியவர்களில் யாரும் அதைத் திருத்தியதாகத் தெரியவில்லை.

இதில் நம் தேசத்துக்கும் பங்கு உண்டு. ஜெருசலேமுக்குப் பள்ளிச் சுற்றுலா வந்த சிறுமிகளின் வீடியோவை, ஹமாஸ் கடத்திக்கொண்டு போகும் பெண்கள் என்று லட்சக்கணக்கில் பரப்பியதில் இந்தியக் கணக்குகள்தான் முன்னணி. காஸா எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட இதில் உழைத்தார்கள். ஏன் என்று கேட்டால், அங்கே நடக்கும் சண்டையில் இங்கே ஒரு கணக்கு தீர்க்கிறார்கள், அவ்வளவுதான்.

நண்பரோடு பேச்சு நின்றுபோன அந்த நாட்களில், ராத்திரி தூக்கம் வராமல் இந்தச் சமாசாரத்தையே நோண்டிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் மோத்தாஸ் அஸைஸா, பிஸான் ஔதா எல்லாம் அறிமுகம் ஆனார்கள்.

போர் தொடங்கியபோது மோத்தாஸ் இருபத்து நாலு வயதுப் பையன். போருக்கு முன்பு காஸாவின் அன்றாட வாழ்க்கையைப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். 25 ஆயிரம் பேர் பார்த்தார்கள். போர் தொடங்கி நாலு மாதத்துக்குள் அது ஒரு கோடியே எண்பது லட்சம் ஆயிற்று. 2024 ஜனவரியில் பிரஸ் என்று எழுதிய நீல ஜாக்கெட்டைக் கழற்றிவைத்துவிட்டு ஊரைவிட்டு வெளியேறினான். பிஸான், கதை சொல்லும் பெண். ஒவ்வொரு வீடியோவிலும், தான் இன்னும் உயிரோடு இருப்பதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாள். அதற்கு 2024-ல் பீபடி விருதும் எம்மி விருதும் கிடைத்தன. அவளுக்கு ஒரு தீவிரவாத இயக்கத்தோடு தொடர்பு உண்டு, எம்மி பட்டியலிலிருந்து தூக்குங்கள் என்று 150-க்கும் மேற்பட்ட சினிமாக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார்கள். விருதுக் குழு மறுத்துவிட்டது.

இவர்களையும் இன்ஃப்ளூயன்ஸர் என்றுதான் சொல்கிறார்கள். லிப்ஸ்டிக் விற்கிறவருக்கும் அதே பெயர்! வெளிநாட்டு நிருபர்கள் தனியாகக் காஸாவுக்குள் போக இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. உள்ளே இருந்த உள்ளூர் நிருபர்களில் 200 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அப்புறம் செல்போன் வைத்திருக்கிற பையனும் பெண்ணும்தானே மிச்சம்?

எனக்கு இங்கே 2009 ஞாபகம் வந்தது. வன்னிக்குள்ளும் அப்போது வெளியார் யாரையும் விடவில்லை. அந்த ஆகஸ்டில் சேனல் 4 ஒரு வீடியோவைக் காட்டியது. கை கட்டப்பட்ட நிர்வாண மனிதர்களைச் சுட்டுக் கொல்கிறார்கள். போலி என்றது இலங்கை அரசு. நிபுணர்களை வைத்துப் பரிசோதித்து, போலி என்று சொல்ல முடியாது, உண்மையானதாகவே தெரிகிறது என்று ஐ.நா.வின் விசேஷ அதிகாரி சொன்னபோது 2010 ஜனவரி. அந்த மாதங்களில் என் ஆபீசில் ஒருவர், “எல்லாம் மார்ஃபிங் சார்” என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அப்படியிருக்க, என் வாயால்... இல்லை, கட்டைவிரலால் அதே வசனத்துக்கு வசதி பண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணன் மகளிடம் இதைச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. “ஒரு போட்டோ தப்பா இருந்தா என்ன சித்தப்பா? நீங்க மன்னிப்பு கேட்டு அவங்களுக்குப் பாயின்ட் எடுத்துக் குடுக்காதீங்க.” அவள் அந்த மே மாதம் ‘பிளாக் அவுட்’ என்ற இயக்கத்தில் மும்முரமாக இருந்தாள். நியூயார்க்கில் மெட் காலா என்று பணக்கார விருந்து. அந்த வருஷம் டிக்கெட் 75 ஆயிரம் டாலர். அன்றைக்கு ஒரு இன்ஃப்ளூயன்ஸர் பெண் பூப்போட்ட பெரிய கவுனில் நின்று, பிரெஞ்சு ராணி சொன்னதாகச் சொல்லப்படும் ‘கேக் சாப்பிடட்டுமே’ வசனத்துக்கு வாயசைத்தாள். ரஃபாவில் ராணுவம் இறங்கிக்கொண்டிருந்த அதே நேரம். கொதித்துப்போன இளைஞர்கள், காஸாவைப் பற்றி வாய் திறக்காத பிரபலங்களையெல்லாம் பிளாக் செய்ய ஆரம்பித்தார்கள். அதற்கு டிஜிட்டல் கில்லட்டின் என்று பெயர். என் அண்ணன் மகள் எழுபத்தாறு பேரை வெட்டியதாகச் சொன்னாள். அதில் ஒருத்தி அவளோடு ஹாஸ்டலில் ஒரே ரூமில் இருந்தவள். பிரபலம்கூட இல்லை. ‘போடவில்லை’, அவ்வளவுதான் குற்றம்.

அவள் கோபத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அந்த இயக்கத்தில் விஷயம் இருக்கிறது. ஃபாலோயர் எண்ணிக்கைதான் இவர்கள் முதல், அதில் கை வைத்தால் வலிக்கும். எதிர்த் தரப்பு இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. 2025 ஆகஸ்டில், நிருபர்களை விடாத காஸாவின் எல்லைக்குள் அமெரிக்க, இஸ்ரேலிய இன்ஃப்ளூயன்ஸர்களை இஸ்ரேல் அழைத்துப் போய் உணவு மூட்டைகளைக் காட்டியது. அதே மாதம்தான் ஐ.நா. ஆதரவுள்ள நிபுணர் குழு காஸா நகரப் பகுதியில் பஞ்சம் என்று அறிவித்தது. செப்டம்பரில் நெதன்யாகுவே நியூயார்க்கில் இன்ஃப்ளூயன்ஸர்களை உட்காரவைத்து, இன்றைய முக்கியமான ஆயுதம் சோஷியல் மீடியாதான் என்றார். அமெரிக்க அரசிடம் தாக்கலான ஆவணங்களை வைத்து, ஒரு போஸ்ட்டுக்குச் சுமார் ஏழாயிரம் டாலர் என்று பத்திரிகைகள் கணக்குப் போட்டன. இந்தப் பக்கமும் தர்ம காரியமாக நடக்கவில்லை. ஒரு அமெரிக்க இளைஞர் அக்டோபர் 7-க்குப் பிறகு பாலஸ்தீனத்துக்காக முழங்கி, நாலு லட்சம் ஃபாலோயர்களைச் சில வாரங்களில் இருபது லட்சமாக்கிக்கொண்டார். போட்டதில் பாதிக்கு மேல் பழைய வீடியோ என்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

எனக்குப் பெரிய ஆறுதலும் பெரிய அதிர்ச்சியும் ஒரே இடத்தில் கிடைத்தன. ‘நோ அதர் லேண்ட்’ என்கிற டாகுமென்டரி. மேற்குக் கரையில் மஸாஃபர் யாட்டா கிராமங்களை இடிப்பதைப் பற்றி பாஸல் அத்ரா என்ற பாலஸ்தீனரும், யுவால் ஆப்ரஹாம் என்ற இஸ்ரேலியரும் சேர்ந்து, இன்னும் இரண்டு பேரோடு எடுத்தது. 2025 மார்ச்சில் ஆஸ்கர். மறுநாளே இஸ்ரேல் கலாசார அமைச்சர் சினிமா உலகுக்குச் சோகமான நாள் என்கிற ரீதியில் புலம்பினார். அதே வாரத்தில், இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்லும் பாலஸ்தீன அமைப்பும் இந்தப் படம் தங்கள் விதிகளை மீறுகிறது என்று அறிக்கை விட்டது. அதே மாதம் படத்தின் இன்னொரு டைரக்டரான ஹம்தான் பலாலை அவர் ஊரிலேயே குடியேற்றக்காரர்கள் அடித்தார்கள், ராணுவம் பிடித்துப் போனது. ஜூலையில் இந்தப் படத்துக்கு உதவிய அவ்தா ஹத்தலீன் என்ற பள்ளி ஆசிரியர் சுட்டுக் கொல்லப்பட்டார். சேர்ந்து நின்ற நாலு பேருக்கு இரண்டு பக்கத்திலும் இடமில்லை. பூமியில் நிற்கவும் இடமில்லை.

என் பக்கத்தில் திருத்தம் போட்டேன். ‘அந்தக் குழந்தை ரஃபா அல்ல, சிரியா. தவறு என்னுடையது.’ மூன்று லைக். அண்ணன் மகள் போடவில்லை.

2025 அக்டோபரில் போர் நிறுத்தம் வந்தது. காஸா சுகாதாரத் துறையின் கணக்கு அப்போது 67 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஒரு நாள் காலை பூங்காவில், மழை பெய்து பாதி வழி சேறு. எதிர்த் திசைக்காரரும் நானும் ஒரே பெஞ்சில் ஒதுங்க வேண்டியதாயிற்று. முழங்கால் வலி, மருமகள் பிரசவம் என்று கொஞ்சம் பேசினோம். மழை விடுகிற நேரத்தில், என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“சார், அந்தப் போட்டோல இருந்த பொண்ணு... சிரியாவோ எதுவோ... பொழைச்சுதா?”

ஒன்றரை வருஷத்தில் அதை நானும் தேடவில்லை. சிரியா என்று தெரிந்த நிமிஷத்தோடு அந்தக் குழந்தையை விட்டுவிட்டேன்.

“தெரியலை சார்.”

“எனக்கும் லிங்க்ல தேதிதான் இருந்தது” என்றார். குடையை விரித்தார். அது இரண்டு பேருக்குப் போதாத குடை.