மேசை மேல் ஒரு டப்பா

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம். வீட்டை ஒட்டிய கார் கொட்டகை. கார் வெளியே நிற்கிறது. உள்ளே கனத்த மர மேசை. அதில் போல்ட் போட்டு முடுக்கிய, தோட்டா செய்யும் பிரஸ். சுவர் அலமாரியில் வெடிமருந்து டப்பாக்கள்.

பெரியவர் ஒரு டப்பாவை எடுக்கிறார். அலமாரியை மூடுகிறார். ஒன்று மேசையில் இருக்கும்போது இன்னொன்று வெளியே வருவதில்லை. மருந்து மாறினால் துப்பாக்கியே வெடிக்கலாம்.

மூடியைத் திறந்து முகர்கிறார். கெட்ட மருந்து நெடியடிக்கும். செம்பழுப்புப் புகை விடும். இதில் இரண்டும் இல்லை.

கையேடு விரிகிறது. .308 வின்செஸ்டர் தோட்டா. 168 கிரெய்ன் குண்டு. ஒவ்வொரு மருந்துக்கும் நேரே இரண்டு அளவுகள்: தொடங்க ஒன்று, தாண்டக்கூடாதது ஒன்று. விரல் முதல் அளவில் நிற்கிறது.

வின்செஸ்டர் 748 உருண்டை மருந்து. அளவைக் கருவியில் கடுகு போல வழுக்கி இறங்குகிறது. பிடியை எத்தனை முறை இறக்கினாலும் தராசு முள் அநேகமாக அதே இடத்தில். வேலை சீக்கிரம் முடிகிறது. மிச்சம் அதே டப்பாவுக்குப் போகிறது. டப்பா அலமாரிக்குப் போகிறது.

அடுத்து வார்கெட். ஆஸ்திரேலியாவில் தயாராவது. குச்சி மருந்து. பிடி பாதியில் தடுக்குகிறது. நறுக்கென்று ஒரு சத்தம். கருவியின் உருளை ஒரு குச்சியை வெட்டியிருக்கிறது. தட்டு தராசுக்குப் போகிறது. கொஞ்சம் குறைகிறது. மருந்து உதிர்க்கும் சிறு குழாயை விரல் நுனியால் உருட்டுகிறார். ஒரு குச்சி விழுகிறது. காத்திருக்கிறார். இன்னொரு குச்சி. முள் கோட்டுக்கு வருகிறது.

ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். தராசு பத்தில் ஒரு கிரெய்னைக் காட்டும். அது 6.5 மில்லிகிராம்.

பித்தளைக் கூடுகள் மரக்கட்டையில் வரிசையாக நிற்கின்றன. டார்ச் ஒவ்வொரு வாயிலும் எட்டிப் பார்க்கிறது. மருந்து எல்லாவற்றிலும் ஒரே உயரம். மறுபடி முதல் கூட்டிலிருந்து பார்க்கிறார். அதன் பிறகே குண்டு ஏறுகிறது.

சுடுதளம். நூறு கஜத்தில் காகிதம். துப்பாக்கி மணல் பையில் சாய்ந்திருக்கிறது. குழலுக்கு முன்னால் வேகமானி. ஐந்து குண்டுகள். பிறகு குழல் ஆறும்வரை கை மடியில். பக்கத்து மேசைக்காரர் அதற்குள் ஒரு பெட்டியையே காலி செய்துவிடுகிறார்.

காகிதம் வருகிறது. வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம்வரை காலிப்பர் அளக்கிறது. குண்டின் விட்டத்தைக் கழிக்கிறார். இரண்டு மருந்துக்கும் துளைகள் நெருக்கமாகவே விழுந்திருக்கின்றன. பெரியவரின் கண் வேக எண்களுக்குப் போகிறது. 748 வேகமானது, ஆனால் எண்கள் ஏறி இறங்குகின்றன. வார்கெட் சற்று மெதுவானது; எண்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. நூறு கஜத்தில் தெரியாத வேக வித்தியாசம் ஆயிரம் கஜத்தில் மேலும் கீழுமாகச் சிதறும்.

நோட்டில் தேதிக்கு அருகே வெப்பநிலைக்கு ஒரு கட்டம். ஜனவரிப் பக்கமும் ஜூலைப் பக்கமும் அடுத்தடுத்துத் திறக்கின்றன. குளிரில் 748 தளர்ந்திருக்கிறது, வெயிலில் துள்ளியிருக்கிறது. வார்கெட் அதிகம் அசையவில்லை.

பேனா 748 மேல் கோடு கிழிக்கிறது. வார்கெட்டுக்கு எதிரே ஒரு டிக். பக்கத்தில் அளவு, பிரைமர், குண்டு, டப்பாவின் அடியில் அச்சிட்ட லாட் எண்.

அடுத்த டப்பாவில் அந்த எண் மாறியிருக்கும். பெயர் அதேதான், எரியும் வேகம் சற்று மாறியிருக்கலாம். புது லாட்டுக்குக் குறைந்த அளவிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.