நான்கு கம்பிகள்

மேடைக் கருவிகளில் பேஸ் கிதாருக்கு ஒரு தனி ராசி உண்டு. அது ஒலித்துக்கொண்டிருக்கும்வரை யாரும் அதைக் கவனிப்பதில்லை. நின்றுவிட்டாலோ, நின்றது எது என்று சொல்லத் தெரியாமல், ஏதோ குறைகிறதே என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். கச்சேரி முடிந்ததும் பாடகரின் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள்; தபேலாக்காரரின் விரல்களைப் புகழ்வார்கள்; நம்மிடம் வந்து, "உங்கள் கிதாரில் இரண்டு கம்பி குறைகிறதே, அறுந்துவிட்டதா?" என்று அக்கறையுடன் விசாரிப்பார்கள். பதினெட்டு ஆண்டுகளாக அதற்கு ஒரே பதிலைச் சொல்லி வருகிறோம். ('நாம்' என்று எழுதுவது மிடுக்குக்காக அல்ல. இக்கருவியைத் தனியாக வாசிக்கச் சொல்லி எவரும் நம்மைக் கேட்டதில்லை. அதைப் பற்றி எழுதும்போது 'நான்' என்ற சொல் சற்றே துருத்திக்கொண்டு நிற்கிறது.)

பிழைப்பு வேறு. வாரத்தில் ஆறு நாட்கள் கணக்குப் புத்தகங்கள். ஞாயிறும் முகூர்த்த நாட்களும் மெல்லிசைக் குழு. கிடைக்கும் சன்மானம் கம்பி வாங்கவே போதாது. பேஸ் கிதாரின் கம்பிகள் விலை கூடியவை. ஆகவே வியர்வையும் அழுக்கும் ஏறி ஒலி மந்தமானதும் அவற்றைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு எடுப்போம். அழுக்குப் பிரிந்து சில வாரங்களுக்கு மறுபடி கணீரென்று பேசும். ரசம் வைக்கிற பாத்திரத்தில் இதைச் செய்யக்கூடாது என்பது வீட்டில் நிறைவேற்றப்பட்ட தீர்மானம்.

இத்தனைக்கும் அப்படி என்னதான் செய்கிறது இந்தக் கருவி? கீபோர்டுக்காரர் ஏ, சி, இ என்ற மூன்று சுரங்களை அழுத்திப் பிடித்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். அடியில் நாம் ஏ வாசித்தால் அது ஏ மைனர். சற்றுத் துயரம் தோய்ந்த ஒலி. அவர் விரலை அசைக்காமலே இருக்க, நாம் மட்டும் எஃப் என்ற சுரத்துக்கு இறங்கினால், அதே மூன்று சுரங்கள் எஃப் மேஜர் செவன்த் ஆகிவிடுகின்றன. அழுதுகொண்டிருந்த முகத்தில் ஏதோ நினைவு வந்து மலர்ந்தாற்போல் இருக்கும். அரங்கில் எல்லோரும் அந்த மாற்றத்தை உணர்வார்கள். அதைச் செய்தவர் கீபோர்டுக்காரர் என்றே நினைப்பார்கள். அவருமே சில சமயம் அப்படி நினைப்பதுண்டு.

தமிழ்த் திரையிசையில் இந்த வித்தையை எளிய ரசிகனின் காதுக்குள் கொண்டுவந்து வைத்தவர் இளையராஜா. 1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாடலைப் பலரும் அதன் கிதாருக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை எஸ்.பி.பி.யின் குரலையும் அந்தக் கிதாரையும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுக் கீழே கேட்டுப் பாருங்கள். பாடலுக்கு அடியில் இன்னொரு பாடல் தன்பாட்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருக்கும். அவருடைய குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் பெயர் அக்காலக் கேசட் உறைகளில் அச்சிடப்பட்டு நாம் பார்த்ததில்லை. கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், 1960களின் மோட்டவுன் இசைத்தட்டுகளை வலக்கையின் ஒற்றை ஆள்காட்டி விரலால் தாங்கிய ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர், 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தபோதுதான் உறையில் இடம்பெற்றது.

இதில் ஓர் அதிசயம் உண்டு. பேஸ் கிதாரின் தடித்த கம்பி, விரல் வைக்காமல் மீட்டினால், நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. நாம் சிறுவயதில் பாட்டுக் கேட்ட டிரான்சிஸ்டரின் உள்ளங்கையளவு ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பவே இயலாது. எனினும் நமக்குக் கேட்டது. மேலே ஒலிக்கும் அதன் கிளைச் சுரங்களை வைத்துக்கொண்டு, இல்லாத அடிச்சுரத்தை மூளையே கணக்கிட்டு நிரப்பிக்கொள்கிறது என்கிறார்கள். வராத வரவை எழுதிக் கணக்கை நேர்செய்வது நம் தொழிலில் குற்றம். காது அதை நாள்தோறும் செய்கிறது.

சென்ற தை மாதம் குழுவின் தலைவர் நம்மைத் தனியே அழைத்தார். கீபோர்டுக்காரரின் இடக்கை சும்மாதான் இருக்கிறது, பேஸை அவரே பார்த்துக்கொள்வார் என்றார். ஏழு பங்கு ஆறாகும். வேனில் ஓர் இருக்கையும் ஒரு பெரிய பெட்டியும் மிச்சம். கணக்கு எழுதுகிறவர்களிடம் கணக்கைக் காட்டினால் மறுத்துப் பேச முடியாது. இதையே தொழிலாகக் கொண்ட எத்தனையோ பேர் இதே இடக்கையினால் சோறு இழந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நம் இழப்பு இழப்பே அல்ல என்று அன்றிரவு பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டோம். ஆனால் அலுவலகத்தில் யார் பேசினாலும் நாம் அடுத்துச் சொல்ல வேண்டியதைத்தான் யோசித்துக்கொண்டிருப்போம். பிறர் செய்வதை முழுதாகக் கேட்டு, அதற்கு ஏற்ப மட்டும் நாம் இயங்கிய இடம் அந்த மேடை ஒன்றுதான். அதற்கு மாற்றாக இன்னோர் இடம் நமக்குத் தெரியவில்லை.

பெட்டி வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தது.

அப்பாவுக்கு வயது 79. அசல் கர்நாடக சங்கீத ரசிகர். நம் வாசிப்பை 'மாவு மில்' என்று ஒரே சொல்லில் விமரிசித்தவர். சில ஆண்டுகளாக அவருக்குக் காது மங்கி வருகிறது. முதுமையில் செவி முதலில் இழப்பது மேல்ஸ்தாயி ஒலிகளைத்தான். சகரம், தகரம் போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டுபவை அந்த ஒலிகளே. ஆகையால் பேசுவது அவருக்குக் கேட்கிறது, புரிவதில்லை. 'சாப்பாடு' என்றால் 'கூப்பாடா?' என்கிறார். காதுக் கருவி பொருத்தினால் பாத்திரம் விழும் சத்தம் இடியாகிறது. வயலின் மட்டும் நூலாய் இளைத்துவிடுகிறது. ஐம்பது ஆண்டுகளாகக் கேட்ட பாடகர்களை அவர் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார். வானொலிப் பெட்டியை மூலையில் துணி போட்டு மூடி வைத்தார். அதைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.

ஒரு மாலை நாம் வாசித்துக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பெட்டியின் மேல் கையை வைத்தார். சற்று நேரம் கழித்து, "மிருதங்கத்தில் தொப்பி மாதிரி" என்றார். மிருதங்கத்தின் இடப்பக்கத்தை, கச்சேரிக்கு முன் ரவை பூசிக் கனமாக்குகிற அந்தப் பக்கத்தைச் சொல்கிறார். இவ்வளவு காலமும் நமக்குத் தோன்றாத ஒப்புமை. நாம் வாசித்த பாட்டு எது என்றும் கேட்டார். சொன்னோம், அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் முறை வாசித்தபோது சரணம் தொடங்கும் இடத்தில் சரியாகத் தொடையைத் தட்டினார்.

இப்போது தினமும் ஏழு மணிக்கு வந்துவிடுகிறார். தியாகராஜ கீர்த்தனை வாசி என்கிறார். பேஸ் கிதாரில் கமகம் எளிதில் வருவதில்லை. மெட்டின் இடையிடையே உலோகக் கட்டைகள் குறுக்கிடுகின்றன. வந்தவரை வாசிக்கிறோம். எங்கே தவறினாலும் அவர் முகம் சுளிப்பதை வைத்துத் தெரிந்துகொள்கிறோம். காது மங்கினாலும் அந்தச் சுளிப்பு மங்கவில்லை. எட்டரைக்குமேல் கீழ்வீட்டுக் குழந்தை உறங்கும் என்பதால் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிடுவோம். அப்பா கையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கிதாரின் மரத்தின்மேல் வைத்துக்கொள்வார்.